ஆள் இருக்கு

வானத்தில் முதலில் கெட்டுப்போனது கக்கூஸ்தான்.

பவளக்கொடி மேலே போன முப்பத்தொன்றாம் நாள், கழிவை உறிஞ்சிக்கொள்ளும் விசிறி ஒரு முறை செருமிவிட்டு நின்றுபோனது. எடை இல்லாத இடத்தில் அந்த விசிறி நின்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கீழே போக வேண்டியது போகாது, அவ்வளவுதான். பூமியிலிருந்து உத்தரவு வந்தது: பையில் போகவும், முடிச்சுப் போடவும், பேனாவால் தேதி எழுதவும், சுவரோரம் அடுக்கவும். அடுக்கினாள். இன்றைக்கு இருநூற்று முப்பத்தோராவது நாள். ஒரு மினிபஸ் அளவுத் தகரப் பெட்டிக்குள் இருநூறு நாள் அடுக்கு. ஜன்னலைத் திறந்துவிட வழியில்லாத வீடு.

அவள் அம்மா அஞ்சலை, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக் கட்டணக் கழிப்பறையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்ப்பவள். "எம்பொண்ணு பினாயில் வாசனையே அடிக்காத எடத்துல உக்காந்து சம்பாரிக்கணும்" என்று போகிற வருகிற சாமியிடமெல்லாம் வேண்டிக்கொண்டாள். வேண்டுதல் எழுத்துக்கு எழுத்துப் பலித்தது. இங்கே பினாயில் வாசனை மட்டும்தான் இல்லை.

வேலை கிடைத்தபோது தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். 'விண்ணை முட்டிய எங்கள் வீட்டுப் பெண்! துணைக்கோள் நிலையப் பொறியாளர் செல்வி பவளக்கொடி பி.இ.' அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, பெண் செத்துப்போய்விட்டதாக நினைத்து அம்மாவிடம் துக்கம் விசாரித்தவர்களும் உண்டு. அவர்கள் ஒன்றும் பெரிய தப்பாக நினைத்துவிடவில்லை என்று இப்போது பவளத்துக்குத் தோன்றியது.

வானத்தில் அவள் நிலையம் நிற்கும் இடத்துக்கு இருக்கை எண் எண்பத்து மூன்று என்று பெயர். கிழக்கே அரை டிகிரி தள்ளி, முன்னூற்று அறுபது கிலோமீட்டர் தூரத்தில், எண்பத்து நான்கு. இரண்டும் ஒரே கம்பெனிக்குச் சொந்தம். எண்பத்து நான்கில் இருந்தவர் இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கம். செல்போன் டவர்களில் ஏறி ஆன்டெனா மாட்டிக்கொண்டிருந்தவர், வயது நாற்பத்தைந்து. பக்கத்து இருக்கைகளுக்கு இடையில் பேசிக்கொள்ள ஒரு சின்ன ரேடியோ உண்டு. முதல் ஆறு மாதம் அவள் பைத்தியம் பிடிக்காமல் இருந்தது அந்த ரேடியோவால்தான்.

"ஏ பிள்ள, நீ படிச்சவ. ஒண்ணு கேக்கேன். நாம நிக்கோமா, ஓடுதோமா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"ஓடறோம் அண்ணாச்சி. ஒரு நொடிக்கு மூணு கிலோமீட்டர்."

"பொறவு ஏன் கீழ பாத்தா எப்பவும் அதே இலங்கை, அதே கடலு?"

"பூமி ஒரு சுத்து சுத்தி முடிக்கறதுக்குள்ள நாமளும் சரியா ஒரு சுத்து முடிச்சிடறோம். அதனால கீழ இருந்து பாக்கறவனுக்கு நாம ஆணி அடிச்ச மாதிரி ஒரே எடத்துல நிக்கறோம். மாடில டிஷ்ஷ ஒரு தடவ திருப்பி வச்சா அப்புறம் தொடவே வேணாம்ல, அது இதனாலதான். டீவி, புயல் படம், கடல்ல போறவங்களுக்குச் சேதி, எல்லாத்துக்கும் இந்த எடம் வேணும். ஆனா இந்தக் கணக்கு நடுக்கோட்டுக்கு மேல, முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் ஒயரத்துல மட்டும்தான் பொருந்தும். ஏறினாலும் எறங்கினாலும் பொருந்தாது. ஒரே ஒரு வளையம்."

"ஒரே ரூட்டு, ஒரே பஸ்ஸு, சீட்டு எண்ணி வச்சது. அதான் இந்த அடிபிடி."

அடிபிடி உண்மைதான். முன்பெல்லாம் இருக்கைகளில் வெறும் எந்திரங்கள் நின்றன. யாரோ கீழேயிருந்து திருட்டுக் கட்டளை அனுப்பி, இரண்டு துணைக்கோள்களை மோதவிட்டார்கள். உடைந்த துண்டுகள் வளையம் முழுக்க இறைந்தன. அதன்பிறகு உலக நாடுகள் சேர்ந்து வளைய வாரியம் என்று ஒன்றை வைத்துச் சட்டம் போட்டன: ஒவ்வொரு இருக்கையிலும் ஓர் ஆள் இருக்க வேண்டும். ஆபத்தென்றால் அந்த ஆள் கையால் நெம்புகோலைப் பிடித்து நிலையத்தை நகர்த்த வேண்டும். கைக் கட்டளையைக் கீழேயிருந்து எவனும் மாற்ற முடியாது. மூன்று நாள் ஆள் இல்லையென்றால் இருக்கை வரிசையில் அடுத்து நிற்பவனுக்குப் போய்விடும்.

சட்டம் எழுதியவன் நல்லவனாகத்தான் இருந்திருப்பான். அதைப் படித்தவன் கம்பெனிக்காரன்.

மூன்றாவது வாரம், பொழுது போகாமல், பவளம் கருவிப் பலகையைக் கழற்றினாள். அவளுடைய நிலையம் புயலைப் படமெடுத்து அனுப்புகிறது, கடலில் போகும் படகுகளுக்கு எச்சரிக்கை சொல்கிறது என்று பயிற்சியில் பாடம் நடத்தியிருந்தார்கள். அம்மாவிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருந்தாள். பலகைக்குப் பின்னால் கேமராவும் இல்லை, அனுப்பும் கருவியும் இல்லை. பேச்சுக்கு மட்டும் ஒரு சின்னப் பெட்டி. மீதி இடத்தில் எடைக்கு வைத்த சிமென்ட் நிறக் கட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் 'புயல் கேமரா', 'மீனவர் அலைவரிசை' என்று ஸ்டிக்கர்.

இசக்கியிடம் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் சிரித்தார். "எனக்கு வந்த அன்னைக்கே தெரியும். டவர்ல ஏறுனவன், கனம் பாத்தே சொல்லிருவேன். நாம சேட்டலைட்டு இல்ல பிள்ள. நாம துண்டு."

"என்னா துண்டு?"

"பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டப் போட்டு எடம் பிடிப்பாவல்லா, அந்தத் துண்டு. கம்பெனிக்காரன் சீட்டப் பிடிச்சு வச்சிருக்கான். எவனாவது கேட்டா 'ஆள் இருக்கு'ன்னு சொல்லணும். அதுக்கு நீயும் நானும். நான் நெசமாவே ஒரு ஈரிழைத் துண்டு கொண்டாந்திருக்கேன், பாத்துக்கோ. துண்டுக்குத் துண்டு தொண!"

பவளத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பௌர்ணமி தோறும் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திருவண்ணாமலை பஸ்ஸுக்குக் கூட்டம் முண்டும். அவள் அப்போது ஏழு வயசுக் குச்சி. "இந்தாடி, உள்ள போய் நாலு சீட்டப் பிடி" என்று யார் யாரோ இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே தள்ளுவார்கள். நாலு சீட்டிலும் குறுக்கே படுத்துக்கொண்டு, "ஆள் இருக்கு! ஆள் இருக்கு!" என்று தொண்டை கிழியக் கத்துவாள். அவர்கள் வந்ததும் அவளை இறக்கிவிட்டு உட்காருவார்கள். பஸ் அவள் இல்லாமல் போகும். அம்மா அதைப் பார்த்த அன்றைக்குத் துடைப்பத்தாலேயே அடித்தாள். "படிடி. படிச்சி நீயே ஒரு சீட்டுல உக்காரு."

படித்தாள். உட்கார்ந்திருக்கிறாள்.

வேலை என்று பார்த்தால் ஒரு நாளைக்கு ஒரு சொல்தான். தினமும் நம் ஊர் மதியம் பன்னிரண்டுக்கு வாரியத்துப் பெண் ஒருத்தி பொதுத் தடத்தில் வருகைப் பதிவு எடுப்பாள். வானொலிச் செய்தி போல அளந்த குரல். இருக்கை எண்ணைக் கூப்பிடுவாள். இருப்பவர் தன் பாஷையில் பதில் சொல்லலாம். இசக்கி வந்த முதல் நாளே பள்ளிக்கூடப் பழக்கத்தில் "உள்ளேன் ஐயா" என்றார். "நான் பெண்" என்றாள் அவள். மறுநாளும் "உள்ளேன் ஐயா". அவள் விட்டுவிட்டாள். அவருக்குப் பின்னால் வந்த பவளமும், அவர் சொல்லிக் கொடுத்து, முதல் நாளே அதையே பிடித்துக்கொண்டாள்.

மேலேயிருந்து போகும் குரல் பூமிக்குப் போய், அங்கிருந்து பொதுத் தடத்தில் திரும்பி வரக் கால் நொடி ஆகும். பவளம் "உள்ளேன் ஐயா" சொல்லி வாயை மூடிய பிறகு அவள் குரலே அவளைத் தேடி வரும். எந்த இருக்கைக்காரர் பேசினாலும் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் அந்தச் சின்னப் பள்ளம் இருக்கும். "கேட்டதும் பட்டுனு பதில் வந்துச்சுன்னா அது ஆள் இல்ல பிள்ள, பேயி" என்பார் இசக்கி.

புரட்டாசியில் இன்னொரு கூத்து. வருஷத்தில் இரண்டு தடவை, சில நாட்கள், நடுப்பகலில் சில நிமிடம், கீழே இருக்கும் டிஷ்ஷிலிருந்து பார்த்தால் சூரியன் நேராகத் துணைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். டிஷ் காதைத் திருப்பிக்கொள்ள முடியாது. துணைக்கோளின் முனகல் சூரியனின் இரைச்சலில் மூழ்கிப்போகும். அந்த நாட்களில் இரண்டு பேர் குரலும் பொதுத் தடத்தில் வெறும் பொரிச்சலாக வந்தது. வாரியத்துப் பெண் "எண்பத்து மூன்று, வெயில். எண்பத்து நான்கு, வெயில்" என்று குறித்துக்கொண்டு போனாள். "என் கொரலு கடல வறுத்தாப்ல கேட்டுச்சு" என்று இசக்கி ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மார்கழியில் சூரியப் புயல் அடித்தது. கண்ணுக்குத் தெரியாத கதிர்ப் புயல். கம்பெனியின் கண்காணிப்பாளர் ரகுநந்தன் கீழேயிருந்து பதறாமல் சொன்னார்: "மேடம், டாய்லெட் ரூமுக்குள்ள போயிடுங்க. அங்க வேஸ்ட் பேக்ஸ் அடுக்கியிருக்கில்ல? அதுல இருக்கிற தண்ணிச் சத்து கதிரைத் தடுக்கும். இட்ஸ் அ வெரி குட் ஷீல்டு." அன்றைக்குத்தான் அடுக்கச் சொன்னது எதற்கு என்று புரிந்தது. கவசம் செய்ய வேண்டிய பணத்தைக் கம்பெனி மிச்சம் பிடித்திருக்கிறது. தன் மலத்துக்கு நடுவில் தானே முழங்காலைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் கிடந்தாள். வாந்தி எடுத்தாள். அதையும் பையில் பிடித்துத் தேதி எழுதினாள்.

கழுத்தில் தொங்கும், உடம்பு வாங்கிய கதிரை நிறத்தில் காட்டும் பட்டை மஞ்சளிலிருந்து செம்பழுப்புக்கு வந்தது. கறுப்பானால் அப்புறம் கீழே வந்தும் பிரயோஜனமில்லை என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நூற்று எண்பது நாளில் மாற்று ஆளோடு வண்டி வரும் என்பது ஒப்பந்தம். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இழுத்தார்கள்.

நூற்றுத் தொண்ணூறாம் நாள் இசக்கி கூப்பிட்டார். குரலில் கிண்டல் இல்லை.

"பிள்ள, ஈறுல ரத்தம் நிக்க மாட்டேங்கு. சாப்பிட்டது தங்கல. பட்டை கறுக்க ஆரம்பிச்சிட்டு. நேத்து வருகைல சொல்லலாம்னு வாயத் தொறந்தேன், 'உள்ளேன் ஐயா'க்கு மேல என் பேச்சு வெளிய போகல, கேட்டியா. எவனோ வெட்டுதான். நாளைக்கு நீ சொல்லு. எண்பத்து நாலுல ஆளுக்கு முடியலன்னு ஒரு வார்த்த."

வருகையில் கூடுதலாக ஒரு சொல் பேசினாலும் ஒழுங்குக் குறை. குறை விழுந்தால் மாற்று வண்டி வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும்.

"அண்ணாச்சி... எனக்கு வர்ற புதன்கெழம வண்டின்னு சொல்லியிருக்காங்க. இப்பப் போயி நான் வாயத் தொறந்தா..."



"சரி பிள்ள. ஒஞ்சீட்டு ஒனக்கு" என்றார்.

அதுதான் கடைசி. மறுநாளிலிருந்து எண்பத்து நான்கின் சின்ன ரேடியோ பேசவில்லை. புதன்கிழமை வண்டியும் வரவில்லை. ரகுநந்தனைக் கேட்டபோது, "அவர் செட் ரிப்பேர் மேடம். ஆள் நல்லா இருக்காரு. தினம் ரோல் கால்ல கேக்கறீங்கதானே? சொல்லப்போனா இப்பதான் ரொம்ப ப்ராம்ப்ட்" என்றார்.

கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "எண்பத்து நான்கு?" "உள்ளேன் ஐயா." முடிவில் சின்னதாக ஒரு சிரிப்பு. கோபத்தில் நம்மோடு பேசாமல் அவர்களுக்குக் கூழைக்கும்பிடு போடுகிறார், அதனால்தான் இந்தச் சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டாள். நாற்பது நாள் அப்படி நினைப்பது அவளுக்கு வசதியாக இருந்தது.

மாசி முடிகிற வாரம் மறுபடியும் வெயில் வந்தது.

இருநூற்று முப்பத்தோராம் நாள் மதியம். "எண்பத்து மூன்று?" என்றாள் வாரியத்துப் பெண். பவளம் "உள்ளேன் ஐயா" என்றாள். கால் நொடி கழித்து அவள் குரலுக்குப் பதில் பொரிச்சல் வந்தது. "வெயில். சரி. எண்பத்து நான்கு?"

"உள்ளேன் ஐயா."

கோயில் மணி மாதிரி. ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. முடிவில் அதே சின்னச் சிரிப்பு.

"நன்று" என்றாள் வாரியத்துப் பெண். "எண்பத்தைந்து?"

பவளம் சுவர்க் கம்பியைப் பிடித்தபடி மிதந்தாள். இரண்டு நிலையமும் ஒரே டிஷ்ஷில் இறங்குகின்றன. ஒரே சூரியன். அவள் குரலை விழுங்கிய சூரியன், அரை டிகிரி தள்ளி இருப்பவரின் குரலை எப்படி விட்டுவைத்தது? விட்டுவைக்கவில்லை. அந்தக் குரல் வானத்திலிருந்து வரவேயில்லை. கீழே, குளிர்பதன அறையில், ஒரு பெட்டியிலிருந்து வருகிறது. அந்தச் சிரிப்பு எந்த நாளுடையது என்றுகூட அவளுக்கு ஞாபகம் வந்தது. பவளமும் முதல்முறை 'ஐயா' என்று சொல்ல, வாரியத்துப் பெண் பெருமூச்சு விட, இசக்கி சிரித்த நாள். நாற்பது நாளாக அதே சிரிப்பு. கேட்டதும் பட்டென்று பதில். பேய் என்று அவரே சொல்லிக் கொடுத்திருந்தார்.

கீழே கூப்பிட்டாள். ரகுநந்தன் ஏதோ தின்றுகொண்டே தடத்தில் வந்தார்.

"அண்ணாச்சி உயிரோட இருக்காரா?"

"எண்பத்து நாலு ரொம்ப ஸ்டேபிளா இருக்கு மேடம்."

"பொட்டியக் கேக்கல. ஆளக் கேட்டன்."

மென்று விழுங்கும் சத்தம் கேட்டது. "உள்ள ஆக்ஸிஜன் செலவாகுது. அப்ப இருக்காருன்னுதானே அர்த்தம்? அவர் ரேடியோவையும் இங்கேர்ந்தே கட் பண்ணியிருக்கோம், அவ்வளவுதான். தேவையில்லாத பேச்சு நிறைய. நீங்க படிச்சவங்க, உங்களுக்குப் புரியும். மாசக் கடைசியில ரெண்டு சீட்டையும் ஒரு வெளிநாட்டு க்ரூப் வாங்கறாங்க. அதுவரைக்கும் வாரியத்துல ஒரு கம்ப்ளெயின்ட்கூட இருக்கக்கூடாது."

"வண்டி?"

"ஏப்ரல்ல பார்க்கலாம்."

"என் பட்டை செம்பழுப்புக்கு வந்துடுச்சு சார். ஏப்ரல்ல நான் இருப்பனா?"

"டென்ஷன் ஆகாதீங்க. உங்களைப் பத்தி நான் மேல எழுதியிருக்கேன், ரொம்ப டிசிப்ளின்டான பொண்ணுன்னு." அவர் குரல் உண்மையாகவே கனிந்தது. "ஒண்ணு பண்ணுங்க. முடியலன்னா நாளைலேர்ந்து ரோல் காலுக்குக்கூட எந்திரிக்க வேணாம். ரெஸ்ட் எடுங்க. உங்க குரல்தான் எங்ககிட்ட இருநூத்து முப்பது நாளுக்கு இருக்கே."

தடத்தை அணைத்தாள். வாயில் ஊறியதைத் துப்பினாள். மல்லாந்து படுத்துத் துப்பினால்தான் மேலே விழும் என்பது ஊர்ப் பழமொழி. இங்கே எப்படித் துப்பினாலும் போகாது. எச்சில் உருண்டையாகத் திரண்டு அவள் முகத்துக்கு முன்னாலேயே நின்று ஆடியது. துணியால் பிடித்துத் துடைத்தாள். ரகுநந்தன்மீது வந்த அருவருப்பில் பாதி தன்மேலேயே வந்து ஒட்டியது. அந்த ஆள் இசக்கியின் வாயை வெட்டினான், சரி. ஒரு வார்த்தை சொல் என்று அவர் கேட்டபோது இவள் வாயை எவன் வெட்டினான்?

நாளை வருகையில் கத்தினால் என்ன ஆகும் என்று யோசித்தாள். டிஷ் கம்பெனியுடையது. வெட்டிவிட்டு, கோயில் மணி மாதிரி அவளையே ஒலிக்க விடுவார்கள். அவள் செத்து மிதந்தாலும் எண்பத்து மூன்றில் ஆள் இருக்கும். குரலைப் பொய்யாக்க அவர்களால் முடியும். இடத்தைப் பொய்யாக்க முடியாது. வாரியம் தொலைநோக்கி வைத்திருக்கிறது. எந்த இருக்கையில் பெட்டி நிற்கிறது, எதில் நிற்கவில்லை என்று எந்தக் கம்பெனியும் சொல்லாமலே அதற்குத் தெரியும்.

கை நெம்புகோலுக்குச் சிவப்பு முத்திரை போட்டிருந்தது. பற்களால் கடித்து இழுத்தாள்.

கிழக்கே முன்னால் இருப்பவரைப் பிடிக்க வேண்டுமென்றால் வேகத்தைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். குறைத்தால் பெட்டி கொஞ்சம் கீழே இறங்கும். கீழே வட்டம் சின்னது, பூமியை முந்திக்கொண்டு சுற்றும். நாற்பது கிலோமீட்டர் இறங்கினால் ஒரு நாளில் அரை டிகிரி. நாலு வருஷம் படித்ததில் இந்த ஒரு கணக்குதான் உருப்படியாகப் பயன்பட்டது. பேனாவை எடுத்து, தேதி எழுதும் பையிலேயே போட்டுப் பார்த்தாள். போகவும் நிற்கவும் எரிபொருள் போதும். திரும்பி வரப் போதாது.

நெம்புகோலை இழுத்தாள். இருநூற்று முப்பத்தொரு நாளில் முதல்முறையாக, அடுக்கிய பைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன.

பத்தாவது நிமிடம் ரகுநந்தன் வந்தார். "மேடம், என்ன பண்றீங்க? சீட் போயிடும்!"

"போவட்டும்."

"ஒரு இருக்கையில ரெண்டு நிலையம் நின்னா உலகம் பூரா அலாரம் அடிக்கும், தெரியுமா?"

"அதுக்குத்தான் போறன்."

அப்புறம் மணிக்கு ஒரு தடவை வந்தார். முதலில் வழக்கு என்றார். பிறகு அம்மாவைப் பேசவைக்கட்டுமா என்றார். விடியற்காலையில், "நாலே நாள்ல வண்டி அனுப்பறோம், ப்ராமிஸ்" என்றார். ஏழு மாதமாக இல்லாத வண்டி.

"ரெண்டு பேருக்கு எடம் வச்சு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு அவர் தடத்தை மூடினாள். பொதுத் தடத்தை மட்டும் திறந்து வைத்தாள்.

மறுநாள் மதியத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் எண்பத்து நான்கு ஜன்னலில் வளர்ந்தது. அதே மினிபஸ் தகரம். கீழிருந்து வந்ததால் அதன் பூமி பார்த்த ஜன்னல்தான் முதலில் தெரிந்தது. ஜன்னலை மறைத்து ஒரு துணி. சிவப்புக் கட்டம் போட்ட ஈரிழைத் துண்டு. அதன்மேல் தேதி எழுதும் பேனாவால், கோணல்மாணலாக, பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

ஆள் இருக்கு.

முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் கீழே இருக்கும் எவனுக்குத் தெரியும் என்று எழுதினார்? மை வெளுத்திருந்தது. மேலே மேலே மறுபடி எழுதியிருந்தார். பவளம் நிறுத்துவதற்காக நெம்புகோலைத் தள்ளினாள். பெட்டி உறுமி, இழுத்து, ஐம்பதடி தூரத்தில் நின்றது. விளக்கை அணைத்து அணைத்துப் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. துண்டு ஆடியது. உள்ளே விசிறிக் காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். மறுபடி போட்டாள்.

துண்டின் ஓரத்தில் நாலு விரல் தெரிந்தன. துண்டு விலகியது.

எலும்புக்கு மேல் தோல் ஒட்டிய முகம். உதட்டோரம் கறுத்துக் காய்ந்த ரத்தம். தலையில் பாதி மயிர் இல்லை. கண் மட்டும் இசக்கிமுத்து. அவளைப் பார்த்தார். அவள் பெட்டியைப் பார்த்தார். அவள் எங்கேயிருந்து வந்திருக்கிறாள் என்பது புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு, வாத்தியார் பெயரைக் கூப்பிட்ட பையனைப் போல, வலது கையை மெல்லத் தூக்கிக் காட்டினார்.

ஒலிபெருக்கியில் வாரியத்துப் பெண் வந்துவிட்டாள். எண்பத்தொன்று, எண்பத்திரண்டு. ஆளுக்கு ஆள் பள்ளம் விட்டுப் பதில் வந்தது.

"எண்பத்து மூன்று?"

"உள்ளேன் ஐயா!"

பவளம் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய முதல் நாள் குரல் அது. அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்து நிமிர்ந்து, பெருமையாகச் சொன்னது. இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள்.

"நன்று. எண்பத்து நான்கு?"

"உள்ளேன் ஐயா." சின்னச் சிரிப்பு.

எதிர் ஜன்னலில் இசக்கியின் உதடு மூடியே இருந்தது. தூக்கிய கை அப்படியே இருந்தது.

வாரியத்துப் பெண் அடுத்த எண்ணைக் கூப்பிடவில்லை. ஏதோ பொத்தான்களைத் தட்டும் சத்தம். இன்னொருவரிடம் கிசுகிசுப்பாக என்னவோ கேட்டாள். பிறகு முதல்முறையாக அந்தச் செய்திக் குரல் தடுமாறியது.

"எண்பத்து மூன்று, ஒரு நிமிடம். தொலைநோக்கியில் உங்கள் இருக்கை காலியாகத் தெரிகிறது. எண்பத்து நான்கில் இரண்டு நிலையங்கள் நிற்கின்றன. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?"

கால் நொடிகூட ஆகவில்லை.

"உள்ளேன் ஐயா!" என்றது முதல் நாள் பவளக்கொடி.